முழுகாமல் இருக்கிறோம்: யாரிடம், எப்போது சொல்லுவது?

காலையில் பெரட்டுக் களத்தில் நிற்கிறோம். கங்காணி பேர் கூப்பிடுகிறார். பக்கத்தில் நிற்கும் தங்கச்சியின் முகம் வெளிறிப் போயிருக்கிறது. "என்னடி, சாப்பிடலையா?" என்று ஒரு அக்கா கேட்கிறார். "ஒண்ணுமில்லக்கா, பித்தம்" என்கிறாள் அவள். அது பித்தம் இல்லை என்பது சொன்னவளுக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதோடு பேச்சை நிறுத்திவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு ஏறுகிறார்கள்.

எந்தத் தோட்டத்திலும் இந்தக் காட்சியைக் காணலாம். வயிற்றில் பிள்ளை இருப்பதை வேலை செய்யும் இடத்தில் எப்போது சொல்லுவது, யாரிடம் சொல்லுவது என்று எங்களிடம் கேட்கும் தாய்மார் பலர். கேட்காமல் மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிபவர்கள் அதைவிடக் கூட. ஆகவே இம்முறை இந்த விஷயத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசுவோம்.

மறைப்பதற்கும் காரணம் உண்டு

"மூணு மாசம் முடியட்டும், அப்புறம் சொல்லலாம்" என்பது எங்கள் லயங்களில் பாட்டி காலத்திலிருந்து வரும் பேச்சு. கண்ணூறு படும் என்பார்கள். தங்குமோ தங்காதோ என்பார்கள். படித்தவர்கள் சிலர் இதை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். நாங்கள் அப்படித் தள்ளமாட்டோம். கரு கலைவதானால் பெரும்பாலும் முதல் 12 வாரத்துக்குள்தான் கலைகிறது. அதற்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டால், கலைந்த பிறகு ஊர் முழுக்கப் பதில் சொல்லவேண்டி வரும். அந்தச் சங்கடத்திலிருந்து மருமகளைக் காப்பாற்றத்தான் பெரியவர்கள் வாயைக் கட்டச் சொன்னார்கள். அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

கண்ணூறு மட்டும் காரணம் இல்லை. எங்களிடம் தாய்மார் சொன்ன காரணங்கள் பல:

"சொன்னா லேசான வேலைக்குப் போட்டுடுவாங்க. மேல்கிலோ காசு போயிடும்."

"நான் கைக்காசுக்கு வேலை செய்யிறவ. தெரிஞ்சா நாளைக்கு வரச் சொல்ல மாட்டாங்க."

"போன தடவை சொல்லித்தான் கலைஞ்சிருச்சு. இந்தத் தடவை புருசனுக்குக்கூட ரெண்டு மாசம் கழிச்சுத்தான் சொன்னேன்."

"மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பாக்கிறோம். இந்த நேரத்தில எனக்கு இப்படின்னு எப்படிச் சொல்றது?"

"கங்காணி ஆம்பளை. அவருகிட்டப் போயி இத எப்படிச் சொல்றது?"

இவற்றில் எதையும் சின்னக் காரணம் என்று சொல்லமுடியாது. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாம் மறைக்கும் அந்த மூன்று மாதத்தில் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

அந்த மூன்று மாதம்

மாதக் கணக்கை டாக்டர்மார் எப்படிப் பார்க்கிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்வோம். கடைசியாகக் குளித்த மாதத்தின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். மொத்தம் 40 வாரம், அதாவது 280 நாள். ஒரு தாய்க்கு மார்ச் மாதம் 1ம் திகதி தீட்டு வந்தது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மாதம் வரவில்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் அவளுக்குச் சந்தேகம் வரும்போதே கணக்குப்படி அது ஐந்தாம் வாரம். ஏப்ரல் 26 அளவில் 8 வாரம் முடிகிறது. மே மாதம் 24 அளவில் 12 வாரம் முடிகிறது. டிசம்பர் முதல் வாரத்தில் பிள்ளையை எதிர்பார்க்கலாம்.

பிள்ளையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் குழாய் ஆறாம் வாரம் அளவில் மூடிவிடுகிறது. அது சரியாக மூடுவதற்கு உதவுவதுதான் போலிக் அமிலம் என்ற சின்ன மாத்திரை. கல்யாணம் முடித்துப் பிள்ளைக்குக் காத்திருக்கும்போதே அதை எடுக்கத் தொடங்கவேண்டும் என்று சொல்வது அதனால்தான். இருதயம், கை, கால், கண், காது எல்லாவற்றுக்கும் அடித்தளம் பத்தாம் வாரத்துக்குள் போடப்படுகிறது. வீடு கட்டுகிறவர்களுக்குத் தெரியும், அத்திவாரம் போடும் நேரத்தில் தவறினால் பிறகு சுவரைப் பூசிச் சரிசெய்ய முடியாது.

இப்போது யோசித்துப் பாருங்கள். "மூணு மாசம் கழிச்சுச் சொல்லுவோம்" என்று நாம் இருக்கும் காலம்தான் பிள்ளைக்கு மிகவும் கவனம் தேவைப்படும் காலம். வயிறு வெளியே தெரியாது. யாரும் எழுந்து இடம் கொடுக்கமாட்டார்கள். உரச் சாக்கைத் தூக்கச் சொன்னால் தூக்கவேண்டும். மருந்தடிக்கும் மலைக்குத் தண்ணீர் கொண்டுபோகச் சொன்னால் போகவேண்டும். ஏனென்றால் யாருக்கும் தெரியாது.

அப்படியானால் என்ன செய்வது? பெரியவர்கள் சொல்வதும் சரி, டாக்டர் சொல்வதும் சரி என்றால் எதைக் கேட்பது? இரண்டையும் கேட்கலாம். ஊருக்குச் சொல்வது ஒன்று, சொல்லவேண்டிய ஆளுக்குச் சொல்வது வேறொன்று. இந்த இரண்டையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் தொல்லை வருகிறது.

முதலில் மிஸ்ஸியிடம்

நாள் தள்ளிப்போனதும், வீட்டுக்காரருக்கு அடுத்தபடியாக முதலில் சொல்லவேண்டியது நாம் மிஸ்ஸி என்று கூப்பிடும் மருத்துவ மாதுவிடம். இதற்கு மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது. 8 வாரத்துக்குள் பதிவு செய்வதே நல்லது. மேலே சொன்ன தாய் என்றால் ஏப்ரல் மாதம் முடிவதற்குள்.

பதிவு செய்தால் கர்ப்பிணித் தாய் அட்டை கிடைக்கும். போலிக் அமிலம் தருவார்கள். 12 வாரத்துக்குப் பிறகு இரும்புச்சத்து மாத்திரையும் கல்சியமும் கிடைக்கும். இரத்தம் பரிசோதிப்பார்கள். இரத்தம் குறைவாக இருக்கிறதா, எந்த வகை இரத்தம், பிள்ளைக்குத் தொற்றக்கூடிய நோய் ஏதும் உண்டா என்பதெல்லாம் அதில் தெரியும். திரிபோஷாவுக்கும், அரசாங்கம் கர்ப்பிணித் தாய்மாருக்குத் தரும் போசாக்குக் கொடுப்பனவுக்கும் இந்தப் பதிவு வேண்டும்.

"மிஸ்ஸிகிட்டச் சொன்னா தோட்டம் பூரா தெரிஞ்சிடுமே?" என்று கேட்பவர்கள் உண்டு. தாய்மாரின் விஷயத்தை வெளியே சொல்லாமல் இருப்பது மிஸ்ஸியின் கடமை. கிளினிக்கில் பதிந்த விஷயம் துரைக்கோ கணக்கப்பிள்ளைக்கோ தானாகப் போய்ச் சேராது. "இப்போதைக்கு யாருக்கும் தெரிய வேணாம் மிஸ்ஸி" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியும் வைக்கலாம். கிளினிக் வாசலில் வரிசையில் நின்றால் நாலு பேர் காண்பார்கள் என்ற பயம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். வீட்டுக்கு வரும்போது பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

ஒரு தாயின் கதையைச் சொல்கிறோம். பேர் வேண்டாம், தோட்டமும் வேண்டாம். அவருக்கு அது மூன்றாவது பிள்ளை. முதல் இரண்டும் சுகமாகப் பிறந்ததால், இதுவும் தானாகப் பிறக்கும் என்று இருந்துவிட்டார். மூத்த பிள்ளை பெரிய வகுப்பில் படிக்கிறதே என்ற கூச்சமும் சேர்ந்துகொண்டது. சட்டையைத் தளர்த்திப் போட்டு, படங்கை மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு ஐந்தாம் மாதம் வரை மலைக்குப் போனார். மயங்கி விழுந்த அன்றுதான் கிளினிக்குக் கொண்டுபோனார்கள். இரத்தம் மிகவும் குறைந்து போயிருந்தது. பிள்ளை உயிரோடு பிறந்தது, ஆனால் நிறை குறைவு. தேறி வர ஒரு வருடத்துக்கு மேல் பட்டபாடு அந்தக் குடும்பத்துக்குத் தெரியும். "நான் ஊருக்கு மறைச்சேன், அது பிள்ளைக்குப் போய் விழுந்துச்சு" என்று பிறகு எங்களிடம் சொன்னார். அவர் ஊருக்கு மறைத்ததில் குற்றம் இல்லை. மிஸ்ஸிக்கும் சேர்த்து மறைத்ததுதான் வினையாகிப் போனது.

இடையில் ஒரு சின்னச் செய்தி. நாம் பறிக்கும் தேயிலைதான், இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் சாப்பாட்டிலும் மாத்திரையிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேருவது குறைந்துபோகும். தேத்தண்ணியை விடவேண்டாம். சாப்பிட்டு, மாத்திரை போட்டு, ஒரு மணித்தியாலமாவது போனபிறகு குடியுங்கள்.

வேலைத்தலத்தில் எப்போது?

இதற்கு எல்லோருக்கும் ஒரே திகதி இல்லை. நீங்கள் செய்யும் வேலையைப் பொறுத்தது.

மருந்து, உரம் சம்பந்தப்பட்ட வேலை என்றால் நிச்சயமாகத் தெரிந்த அன்றைக்கே சொல்லவேண்டும். மருந்து கலப்பது, அதற்குத் தண்ணீர் சுமப்பது, மருந்து வைத்திருக்கும் அறையைக் கூட்டுவது, மருந்தடித்த மலையில் உடனே போய்ப் புல்லு வெட்டுவது எல்லாம் இதில் அடங்கும். இங்கே மூன்று மாதக் கணக்குப் பார்க்க வழியில்லை. வீட்டுக்காரர் மருந்தடிக்கிறவர் என்றால் அவருடைய உடுப்பை அவரே தனியாகத் துவைக்கட்டும். குளித்து உடுப்பு மாற்றிய பிறகு வீட்டுக்குள் வரட்டும்.

பாரம் தூக்கும் வேலை என்றால், அது மலையிலோ ஸ்டோரிலோ எங்கே இருந்தாலும், சீக்கிரமே சொல்லுங்கள். கொழுந்துச் சாக்கு, உரச் சாக்கு, விறகு எல்லாம் இதற்குள் வரும். ஸ்டோரில் இரவு வேலை செய்பவர்களும் தூசு பறக்கும் இடத்தில் நிற்பவர்களும் அப்படியே.

கொழுந்து பறிப்பவர்கள் சுகமாக இருந்தால், முன்பு கரு கலையாதவர்களாக இருந்தால், மூன்றாம் மாதம் முடியும் வரை பொறுத்துச் சொல்வதில் தவறில்லை. ஆனால் அதுவரை தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். கூடை நிரம்பும் வரை காத்திராமல் பாதியிலேயே கொட்டுங்கள். மழை பெய்து வழுக்கும் செங்குத்து நிரையை வேறொருவரிடம் மாற்றிக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் மலை ஏறாதீர்கள். சிறுநீரை அடக்கி வைக்காதீர்கள், அதனால் கிருமி தொற்றிக் காய்ச்சல் வரும்.

கீழ்க்கண்டவர்கள் கொழுந்து பறித்தாலும் முன்கூட்டியே சொல்லவேண்டும்: முன்பு கரு கலைந்தவர்கள், இரத்த அழுத்தம், சீனி வியாதி, இருதய வருத்தம், வலிப்பு உள்ளவர்கள், இரட்டைப் பிள்ளை என்று தெரிந்தவர்கள், வாந்தி நிற்காமல் மெலிந்து போகிறவர்கள், ஒரு சொட்டு இரத்தமாவது கண்டவர்கள்.

இன்னொன்றும் உண்டு. குளவிக் கூடு உள்ள மலையில் வேலை செய்கிறவர்கள், ஓட முடியாத நிலையில் அங்கே நிற்கக்கூடாது. இதைக் கங்காணியிடம் தெளிவாகச் சொல்லவேண்டும்.

ஒரு ஆளிடம், காதோடு

வேலைத்தலத்தில் சொல்வது என்றால் பெரட்டில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொல்வது இல்லை. உங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் ஒரு ஆளுக்குத் தெரிந்தால் போதும். பெண் கங்காணி உள்ள இடத்தில் அவரிடம் சொல்லலாம். ஆண் என்றால், கூச்சப்படுபவர்கள் பிள்ளைக் காம்பரா பொறுப்பாளரையோ, நலன்புரி உத்தியோகத்தரையோ, மாதர் சங்கத் தலைவியையோ கூட்டிக்கொண்டு போகலாம். மிஸ்ஸியிடம் ஒரு துண்டு எழுதி வாங்கிக் கொடுக்கலாம். வீட்டுக்காரர் போய்ச் சொல்வதும் உண்டு. ஆனால் எந்த வேலை முடியும், எது முடியாது என்பது உங்கள் உடம்புக்குத்தான் தெரியும். ஆகவே கூட நின்றாவது நீங்கள் பேசுங்கள்.

என்ன சொல்லுவது? நாலு விஷயம் போதும். நிலைமை, மாதம், கிளினிக்கில் பதிந்தது, உங்களுக்கு வேண்டியது.

"கங்காணி அண்ணே, ஒரு விஷயம் சொல்லணும். நான் முழுகாம இருக்கேன், ரெண்டு மாசம். கிளினிக்ல பதிஞ்சாச்சு. உரம் போடுற வேலைக்கு மட்டும் என்னைப் போடாதீங்க, கொழுந்துக்குப் போறேன். இப்போதைக்கு வெளியில சொல்லவேணாம், வீட்டுல அப்படி நெனைக்கிறாங்க."

இவ்வளவுதான். அழவேண்டியதில்லை, கெஞ்சவேண்டியதில்லை. அன்றைய திகதியை வீட்டுக் கலண்டரில் குறித்து வையுங்கள். யாரிடம் சொன்னோம் என்பதையும் எழுதி வையுங்கள். பிறகு "நீ சொல்லவே இல்லையே" என்று பேச்சு வந்தால் அது உதவும்.

சட்டத்தில் நமக்கு உள்ளது

தோட்டத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு 1939ம் ஆண்டின் 32ம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பொருந்தும். அது பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. அதில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டியவை இவை.

வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்ற காரணத்துக்காக ஒரு பெண்ணை வேலையை விட்டு நிறுத்தக்கூடாது.

பிரசவத்துக்கு முந்திய மூன்று மாதமும் பிந்திய மூன்று மாதமும் தாய்க்கோ பிள்ளைக்கோ கேடு செய்யக்கூடிய வேலையில் அவளைப் போடக்கூடாது. மேலே சொன்ன தாய்க்கு அது செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் ஆரம்பிக்கிறது. அதற்கு முந்திய மாதங்களில் பாரத்தையும் மருந்தையும் தவிர்ப்பதற்கு நம்முடைய வாய்தான் துணை. நிர்வாகத்துக்குத் தெரியாத ஒன்றுக்காக நிர்வாகத்தைக் கேள்வி கேட்க முடியாது.

உயிருள்ள பிள்ளை பிறந்தால் 12 வாரம் சம்பளத்தோடு லீவு. முன்னே 2 வாரம், பின்னே 10 வாரம். முன்பெல்லாம் மூன்றாவது பிள்ளையிலிருந்து 6 வாரம்தான் கிடைத்தது. 2018ம் ஆண்டுத் திருத்தத்தோடு அந்த வித்தியாசம் போய்விட்டது. எத்தனையாவது பிள்ளை என்றாலும் 12 வாரம்தான். "இது மூணாவது, லீவு கெடைக்காது" என்று யாராவது இன்னும் சொன்னால் அது பழைய கதை. பிள்ளை உயிரில்லாமல் பிறந்தால் 6 வாரம் உண்டு.

இந்தக் காசு கிடைக்க, அறிவித்தல் கொடுக்கும் நாளுக்கு முந்திய ஒரு வருடத்துக்குள் அதே தோட்டத்தில் 150 நாள் வேலை செய்திருக்க வேண்டும். ஆகவே மசக்கைக் காலத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டில் நின்று பேரைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். முடியாத நாளில் வைத்தியத் துண்டு வாங்கிக் கொடுத்து, முடிந்த நாளில் லேசான வேலை கேட்டு வேலைக்குப் போவது நல்லது. உங்கள் நாட்கணக்கை நீங்களும் எழுதி வையுங்கள்.

வேலைக்குத் திரும்பிய பிறகு, ஒரு வயதுக்குள் உள்ள பிள்ளைக்குப் பால் கொடுக்க ஒரு நாளைக்கு இரண்டு முறை நேரம் உண்டு. பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொரு முறையும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். இது வழக்கமான சாப்பாட்டு நேரத்துக்கு மேலதிகமாகக் கிடைப்பது.

இவற்றில் ஏதும் மறுக்கப்பட்டால் முதலில் நலன்புரி உத்தியோகத்தரிடமும் சங்கத் தலைவரிடமும் பேசுங்கள். சரிவராவிட்டால் பக்கத்திலுள்ள தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். கைக்காசு வேலைக்காரர்களுக்கு என்ன உரிமை உண்டு என்பது அவரவர் வேலை முறையைப் பொறுத்து மாறும். அவர்களும் தயங்காமல் அங்கே போய்த் தங்கள் நிலைமையைச் சொல்லிக் கேட்கவேண்டும்.

மேல்கிலோ காசு போனால்?

இந்தக் கேள்விக்கு எங்களிடம் இனிப்பான பதில் இல்லை. லேசான வேலைக்கு மாறினால் மேல்கிலோ காசு குறையும் என்பது உண்மை. பல வீடுகளில் அந்தக் காசில்தான் பிள்ளையின் கொப்பி வாங்குகிறார்கள், கடைக் கடனைக் கட்டுகிறார்கள். ஆகவே "காசு பெரிசா, பிள்ளை பெரிசா" என்று உபதேசம் செய்து உங்களை அனுப்ப எங்களுக்கு மனமில்லை.

ஆனால் வேலையை அடியோடு மாற்றாமலே சிலவற்றைக் கேட்கலாம். ரோட்டுக்குக் கிட்டிய மட்டமான நிரை கேட்கலாம். கொழுந்தை நிறுக்கும் இடம் வரை சுமப்பதற்கு ஒரு ஆள் உதவி கேட்கலாம். ஒரே வீட்டைச் சேர்ந்த இரண்டு பேரைப் பக்கத்துப் பக்கத்து நிரையில் போடச் சொல்லலாம். இப்படி நடக்கும் தோட்டங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அங்கே தாய் ஏழாம் மாதம் வரை கொழுந்து பறித்து, தன் பேரையும் காப்பாற்றிக்கொள்கிறாள். முதலிலேயே சொல்லி வைத்ததால்தான் அவளுக்கு அந்த நிரை கிடைத்தது.

வீட்டிலும் கணக்குப் பார்க்கவேண்டும். ஐந்து மாதம் முன்னாலேயே தெரிந்தால் புருசன் பெண்சாதி இரண்டு பேரும் உட்கார்ந்து, எந்தக் கடனை எப்போது கட்டலாம், சீட்டை எந்த மாதம் எடுக்கலாம் என்று பேசி முடிக்கலாம். கடைசி மாதத்தில் தெரிந்தால் வட்டிக்குத்தான் ஓடவேண்டும்.

கங்காணிமாருக்கும் கணக்கப்பிள்ளைமாருக்கும்

இந்தப் பத்தியை உங்களுக்காக எழுதுகிறோம். வேறொரு தோட்டத்தில் ஒரு தங்கச்சி நாங்கள் சொன்னபடியே செய்தாள். உரம் போடும் வேலையில் இருந்ததால், ஏழாம் வாரத்திலேயே வேலைக்குப் பொறுப்பானவரிடம் தனியாகச் சொன்னாள். மறுநாள் பெரட்டில் அவர், "இவளுக்கு இனிமே உரம் கிடையாது, புள்ளத்தாச்சி!" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டார். கெட்ட எண்ணம் இல்லை, சந்தோஷத்தில்தான் சொன்னார். பத்தாம் வாரத்தில் அந்தக் கரு தங்கவில்லை. திரும்ப வேலைக்கு வந்த அன்று மலை முழுக்க அவளிடம் விசாரித்தது. "புள்ள போனது ஒரு வேதனை. ஆளாளுக்குப் பதில் சொன்னது அதுக்கு மேல" என்றாள். அடுத்த முறை அவள் யாரிடமும் வாய் திறக்கமாட்டாள் என்பதுதான் எங்களுக்குக் கவலை.

ஐயாமாரே, உங்களிடம் சொல்லப்படுவதை நீங்கள் உங்களோடு வைத்துக்கொண்டால்தான் அடுத்த தங்கச்சி வந்து சொல்லுவாள். வேலையை மாற்றும்போது காரணம் சொல்லி மாற்றவேண்டியதில்லை. "நீ இன்னைக்கு அந்தப் பக்கம் போ" என்றால் முடிந்தது.

கரு கலைந்த தாய்மாருக்கும் ஒன்று சொல்லவேண்டும். முதல் மாதங்களில் கலைவது பெரும்பாலும் கரு உருவாகும்போதே அதில் உள்ள குறையால் நடப்பது. நீங்கள் வெளியே சொன்னதாலும் இல்லை, யாருடைய கண் பட்டதாலும் இல்லை. மாமிமாரும் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது. அப்படி நடந்தால் வீட்டிலேயே படுத்துவிடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள். உள்ளே மிச்சம் இருந்தால் அது உயிருக்கு ஆபத்து. இரத்த வகை நெகட்டிவ் என்றால் அடுத்த பிள்ளைக்காக ஊசி போடவேண்டி வரலாம். அங்கே வைத்தியத் துண்டும் கேட்டு வாங்குங்கள்.

உடனே சொல்லவேண்டியவை

எந்த மாதமாக இருந்தாலும், ஊருக்குச் சொல்லியிருந்தாலும் சொல்லாவிட்டாலும், கீழே உள்ளவற்றை மறைக்கவே கூடாது. பக்கத்தில் நிற்பவர் யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

இரத்தம் படுதல். அடிவயிற்றில், முக்கியமாக ஒரு பக்கத்தில், கடும் வலியும் மயக்கமும். கடுமையான தலைவலி, கண் மங்குதல். முகமும் கையும் திடீரென்று வீங்குதல். வலிப்பு. காய்ச்சல். தண்ணீர் உடைதல். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு தெரிந்துவந்த பிள்ளையின் அசைவு குறைதல். விழுந்து வயிற்றில் அடிபடுதல்.

தோட்டத்து வண்டிக்குக் காத்திருக்க நேரமில்லை என்றால் 1990 என்ற இலக்கத்துக்குப் போன் செய்யுங்கள். சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசமாக வரும். மலையில் எந்தப் பக்கம், எந்த ரோட்டு முனைக்கு வரவேண்டும் என்று சொல்லத் தெரிந்த ஒருவர் பேசவேண்டும். ஆளை ரோட்டுக்குக் கொண்டுவர இரண்டு பேர் தயாராக இருக்கவேண்டும்.

மனதில் வைத்துக்கொள்வோம்

நாள் தள்ளிப்போனால் முதலில் வீட்டுக்காரரிடம், அடுத்து மிஸ்ஸியிடம். 8 வாரத்துக்குள் பதிவு.

மருந்து, உரம், பாரம் சம்பந்தப்பட்ட வேலை என்றால் வேலை கொடுப்பவரிடம் உடனே. கொழுந்து பறிப்பவர்கள் சுகமாக இருந்தால் மூன்றாம் மாத முடிவில்.

ஒரு ஆளிடம் சொல்லுங்கள், திகதியை எழுதி வையுங்கள்.

ஆறாம், ஏழாம் மாதத்துக்குள் லீவு விஷயமாக ஒபீசில் பேசி, என்னென்ன துண்டு வேண்டும் என்று கேட்டு வையுங்கள். சட்டப்படியான அறிவித்தலைக் கடைசி மாதத்தில் மறக்காமல் கொடுங்கள்.

ஊருக்கு எப்போது சொல்வது என்பது உங்கள் வீட்டு விஷயம். மூன்று மாதம் கழித்தும் சொல்லலாம். வளைகாப்பு அன்றைக்கும் சொல்லலாம்.

பெரட்டில் வெளிறிப் போய் நின்ற அந்தத் தங்கச்சியைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் நின்ற அக்கா அவளைத் துருவிக் கேட்கவேண்டியதில்லை. மலை ஏறும்போது கொஞ்சம் பின்தங்கி, அவளோடு நடந்து, "மிஸ்ஸிகிட்டப் போனியா?" என்று மெதுவாக ஒரு வார்த்தை கேட்டால் போதும். போகவில்லை என்றால், "நாளைக்கு நானும் வர்றேன், சேர்ந்து போவோம்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு துணை கிடைத்தால் அவள் நிச்சயம் போவாள்.